இருபொறை மண்ணுக்கு அடியில் கடினத்தட்டு: அந்த நீளமான பெயரை எப்படிப் படிப்பது?

கேள்வி இது: ஒரு மண் ஆய்வு அறிக்கையில், மேலே 40 சென்டிமீட்டருக்கு லோம், அதன்கீழ் கடப்பாரை இறங்காத தட்டு என்று விவரித்துவிட்டு, "லோமி, மிக்ஸ்டு, சூப்பராக்டிவ், மீசிக், ஷாலோ ஸீரிக் ஆர்ஜிடியூரிட்ஸ்" என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். லோம்தான் பயிருக்கு மிகச் சிறந்த மண் என்று படித்திருக்கிறோமே, பிறகு ஏன் இந்த நிலத்தைத் தரம் குறைந்தது என்கிறார்கள்? அந்தப் பெயருக்கு என்ன பொருள்? தட்டை உடைத்துவிட்டால் போதாதா?

முதலில் லோமை எடுத்துக்கொள்வோம். தமிழில் இருபொறை மண் என்கிறோம். மணல் 52 சதவீதத்துக்குக் குறைவாகவும், வண்டல் 28 முதல் 50 வரையிலும், களி 7 முதல் 27 வரையிலும் இருந்தால் அது லோம். ஈரமாக்கிப் பிசைந்து உருட்டினால் உருண்டை நிற்கும். கட்டைவிரலால் பட்டையாகத் தள்ளினால் ஓர் அங்குலம் போவதற்குள் ஒடிந்து விழும். நறநறவென்றும் இருக்காது, வழவழவென்றும் இருக்காது. நீரைப் பிடித்து வைப்பது, காற்றை உள்ளே விடுவது, உழவுக்கு இசைவது எல்லாமே இதில் நடுவாந்தரமாக அமைந்திருப்பதால்தான் அதற்கு அந்த நற்பெயர். ஆனால் லோம் என்பது மண்ணின் நயத்தை, அதாவது மணல், வண்டல், களி கலந்திருக்கும் விகிதத்தை, மட்டும் சொல்லும் சொல். அந்த நயம் எவ்வளவு ஆழத்துக்குத் தொடர்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. கேள்வியில் இருக்கும் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆழம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். லோம் மண்ணில் வயல் கொள்திறன் (மிகை நீர் வடிந்த பிறகு மண் பிடித்து வைக்கும் நீர்) கன அளவில் 28 சதவீதம், வாடல் நிலை (செடியால் அதற்குமேல் உறிஞ்ச முடியாமல் வாடும்போது மண்ணில் மிஞ்சும் நீர்) 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட 16 சதவீதம்தான் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நீர். ஒரு மீட்டர் ஆழத்துக்கு இது 160 மில்லிமீட்டர். 40 சென்டிமீட்டரில் தட்டு வந்துவிட்டால் 64 மில்லிமீட்டர்தான். மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு சரளைக்கல் கலந்திருந்தால் அதுவும் 51 ஆகிவிடும். நாளுக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகவும் இலைவழியாகவும் போகிற வெயில் காலத்தில் 64 மில்லிமீட்டர் பத்தே நாளில் தீர்ந்துபோகும். அதில் பாதி குறைந்ததுமே பெரும்பாலான பயிர்கள் சோர ஆரம்பித்துவிடும் என்பதால், உண்மையில் கையில் இருப்பது ஐந்து நாள்.

இனி மறுபக்கம். அதே மண்ணின் பரும அடர்த்தி, அதாவது துளைகளையும் சேர்த்து ஒரு கன சென்டிமீட்டர் உலர்ந்த மண்ணின் எடை, 1.4 கிராம் என்றால் மொத்தத் துளைவெளி ஏறத்தாழ 47 சதவீதம். வயல் கொள்திறனில் 28 சதவீதம் ஏற்கெனவே நீர். மீதம் 19 சதவீதம்தான் காற்று இருக்கும் இடம். தட்டு நீரைக் கீழே விடாது. ஆகவே ஏற்கெனவே நனைந்திருக்கும் நிலத்தில் இன்னும் 38 மில்லிமீட்டர் மழை இறங்கினால், தட்டுக்கு மேலே உள்ள 20 சென்டிமீட்டர் முழுக்க நீர் நிரம்பிவிடும். வேர் மண்டலத்தின் அடிப்பாதி மூச்சுத் திணறும். 76 மில்லிமீட்டர் இறங்கினால் நீர் தரைமட்டத்துக்கே வந்துவிடும். ஐந்து நாள் வெயிலில் வாடுகிற அதே நிலம், ஒரு கனமழையில் அழுகவும் செய்கிறது. கடினத்தட்டு மண்ணின் குணம் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். வறட்சி மண் என்று மட்டுமோ, வடிகால் கெட்ட மண் என்று மட்டுமோ முத்திரை குத்துபவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் தேங்கல் நிலத்தடி நீர்மட்டம் ஏறியதால் வந்தது அல்ல. தட்டுக்குக் கீழே மண் காய்ந்து கிடக்க, மேலே மட்டும் நீர் தொங்கிக்கொண்டு நிற்கும். மண்குழியின் பக்கச்சுவரைக் கவனித்தால் அதன் தடயம் தெரியும். தட்டுக்குச் சற்று மேலே சாம்பல் நிறத் திட்டுகளும் துரு நிறப் புள்ளிகளும் கலந்திருக்கும், சில இடங்களில் கருமையான மாங்கனீசுப் பொட்டுகளும் இருக்கும். சரிவான நிலமாக இருந்தால் அந்த நீர் தட்டின் மேலேயே பக்கவாட்டில் நழுவிப் போய் கீழ்ப்பகுதியில் கசியும். மேட்டில் வறட்சி, தாழ்வில் சதசதப்பு. நீண்ட காலம் இப்படி நடந்தால் தாழ்வில் உப்பும் சேரும்.

வேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழியின் சுவரைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டிக்கொண்டே கீழே வாருங்கள். வேர்கள் செங்குத்தாக இறங்கி வந்து, தட்டைத் தொட்ட இடத்தில் சட்டென்று திரும்பிப் படுத்திருக்கும். தட்டின் முகத்தில் பாய் முடைந்தது போல் தட்டையாகப் பின்னிக் கிடக்கும் வேர்களை அப்படியே உரித்து எடுக்கலாம். எங்காவது ஒரு வெடிப்பு இருந்தால் அதற்குள் மட்டும் ஒரு கொத்து நுழைந்திருக்கும். மண் வகைப்பாட்டில் இந்த வெடிப்புகளின் இடைவெளிக்கே ஒரு விதி உண்டு. வேர் நுழையும் வெடிப்புகள் 10 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் மேல் தள்ளித்தள்ளி இருந்தால்தான் அது வேரைத் தடுக்கும் தொடர்ச்சியான தட்டு. அதைவிட நெருக்கமாக வெடித்திருந்தால் செடி சமாளித்துக்கொள்ளும்.

ஆக, தட்டு எங்கே இருக்கிறது என்பது முதல் கேள்வி. தட்டை எது ஒட்டியிருக்கிறது என்பது இரண்டாவது. கடினத்தட்டு, ஹார்டுபேன் என்பதெல்லாம் பேச்சுவழக்குச் சொற்கள்தான், வகைப்பாட்டுச் சொற்கள் அல்ல. ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஐந்தாறு வெவ்வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. சிலிக்கா ஒட்டியது டியூரிபேன். சுண்ணாம்பு ஒட்டியது பெட்ரோகால்சிக் அடுக்கு. ஜிப்சம் ஒட்டியது பெட்ரோஜிப்சிக். இரும்பு ஒட்டிய செம்புரைக்கல் இன்னொரு குடும்பம். எதுவும் ஒட்டாமல் நெருக்கத்தாலேயே விறைத்து, ஈரமாக இருக்கும்போது அழுத்தினால் பட்டென்று உடைவது ஃபிராஜிபேன். டிராக்டர் சக்கரமும் கலப்பையின் அடிப்பாகமும் அழுத்தி உண்டாக்கியது உழவுத்தட்டு. ஏழெட்டு அங்குலத்தில் வரும் உழவுத்தட்டையும் டியூரிபேனையும் ஒன்றாக நினைத்து உளிக்கலப்பை ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்துகிறது. முதலாவது அதற்கு வழிவிடும், இரண்டாவது கலப்பையின் உளியைத்தான் தேய்க்கும்.

பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. தட்டிலிருந்து இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள துண்டுகளை உடைத்தெடுத்து, நன்றாகக் காற்றில் உலர்த்துங்கள். உலர்த்துவதை அவசரப்படுத்த வேண்டாம், ஈரத்துண்டில் இந்தச் சோதனை பொய் சொல்லும். ஒரு துண்டைக் கண்ணாடித் தம்ளரில் நீரில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். குமிழி விட்டபடி ஓரங்கள் உதிர்ந்து, அடியில் சேறாகக் குவிந்துவிட்டால் அது ஒட்டப்பட்ட தட்டு அல்ல, வெறும் இறுக்கம் அல்லது ஃபிராஜிபேன். நீரில் போட்ட துண்டு முனை மழுங்காமல் அப்படியே கிடந்தால், எடுத்துத் தட்டிப் பார்த்தால் ஓடு போலச் சத்தம் வந்தால், அடுத்த சோதனைக்குப் போகலாம்.

அடுத்தது அமிலம். ஒரு நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இன்னொரு உலர்ந்த துண்டை ஊறவைக்க வேண்டும். நுரைத்துப் பொங்கி, பாதிக்கு மேல் கரைந்து உதிர்ந்தால் சுண்ணாம்புதான் ஒட்டியிருக்கிறது. இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். நுரை வந்ததுமே சுண்ணாம்புத்தட்டு என்று எழுதிவிடுகிறார்கள். டியூரிபேன்களிலும் பெரும்பாலும் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்திருக்கும். ஆகவே நுரைக்கிறதா என்பதைவிட, நுரை அடங்கிய பிறகு துண்டு நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீண்ட நேரம் ஊறியும் பாதிக்கு மேல் கெட்டியாகவே நின்றால் சிலிக்காவைச் சந்தேகிக்கலாம். அதை உறுதி செய்ய அடர்ந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வேண்டும். அதில் பாதிக்கு மேல் உதிர்ந்தால் டியூரிபேன் உறுதி. அடர்காரம் கண்ணையும் தோலையும் சிதைத்துவிடும், அதை ஆய்வகத்தில் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும்.

காரத்தில் ஏன் உதிர்கிறது என்பதில்தான் இந்தத் தட்டு பிறந்த கதையும் இருக்கிறது. எரிமலைச் சாம்பலில் உள்ள கண்ணாடித் துகள்கள் போன்றவை சிதையும்போது சிலிக்கா நீரில் கரைகிறது. ஈரப் பருவத்தில் அது நீரோடு கீழே இறங்குகிறது. வறண்ட பருவத்தில் நீர் ஆவியாகும்போது ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் ஓப்பலாக, அதாவது படிகமாகாத சிலிக்காவாக, படிகிறது. வருடா வருடம் அதே ஆழத்தில் படிந்து, துளைகளை அடைத்து, மணலையும் சரளையையும் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. பழைய தட்டுகளில் அந்த ஓப்பல் மெல்ல மெல்ல நுண்படிகக் குவார்ட்ஸாகவும் மாறியிருக்கும். இப்படிப் படியும் சிலிக்கா அமிலத்துக்கு அசைவதில்லை, கார அளவு (pH) 9-ஐத் தாண்டினால்தான் அதன் கரைதிறன் சரசரவென்று ஏறும். ஜிப்சம் போட்டால் தட்டு இளகும் என்ற நம்பிக்கை டியூரிபேன் விஷயத்தில் ஏன் பலிக்காது என்பதற்கும் இதுவே காரணம். ஜிப்சம் சோடியம் மிகுந்த களியைத் திருத்தும், சிலிக்காவை அது தொடுவதுகூட இல்லை.

இப்போது அந்தப் பெயருக்கு வருவோம். இது அமெரிக்க வேளாண் துறையின் மண் வகைப்பாட்டு முறை. 1975-ல் முதல் பதிப்பும் 1999-ல் இரண்டாம் பதிப்பும் வந்தன. 12 வரிசைகளில் தொடங்கி, துணைவரிசை, பெருங்குழு, துணைக்குழு, குடும்பம், தொடர் என்று ஆறு படிகள். பெயரைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்தால் தானாக அவிழும்.

"ஆர்ஜிடியூரிட்ஸ்" என்ற சொல்லின் வால் "இட்ஸ்". அது ஏரிடிசால்ஸ், அதாவது வறண்ட நிலத்து மண்ணின் வரிசையைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் "டியூர்", லத்தீனில் கடினம் என்று பொருள். மேலிருந்து ஒரு மீட்டருக்குள் டியூரிபேன் இருப்பதால் துணைவரிசை டியூரிட்ஸ். அதற்கும் முன்னால் "ஆர்ஜி", களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு தட்டுக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம். மேல் அடுக்கில் களி 15 முதல் 40 சதவீதம் என்றால் கீழ் அடுக்கில் அதைப்போல் 1.2 மடங்காவது இருந்தால்தான் இந்தப் பெயர் கிடைக்கும். "ஸீரிக்" என்பது துணைக்குழு: மழை குளிர்காலத்திலும் வறட்சி கோடையிலும் வரும் பருவநிலையை ஒட்டி நிற்கும் மண். இந்த இரண்டு சொற்களிலேயே தட்டு, களி அடுக்கு, வறட்சி, மழைக்காலம் எல்லாம் வந்துவிட்டன. பழைய அறிக்கைகளில் இதே மண் டியூரார்ஜிட்ஸ் என்று இருந்தால் திகைக்க வேண்டாம். 1990-களில் ஏரிடிசால் வரிசையைத் திருத்தியபோது, தட்டுக்கு முதலிடம் கொடுத்துப் பெயரை மாற்றி அமைத்தார்கள். என் பார்வையில் அது சரியான மாற்றம், ஏனென்றால் அந்த நிலத்தின் வாழ்வைத் தீர்மானிப்பது களியைவிடத் தட்டுதான்.

முன்னால் நிற்கும் சொற்கள் குடும்பத்தைச் சொல்பவை. "ஷாலோ": வேரைத் தடுக்கும் அடுக்கு 50 சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. "மீசிக்": மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 8 டிகிரி முதல் 15 டிகிரிக்குள். வழக்கமாக 50 சென்டிமீட்டர் ஆழத்தில் அளப்பார்கள், தட்டு அதற்கு முன்பே வந்துவிட்டால் தட்டின் மட்டத்தில் அளப்பார்கள். ஆக, வெப்பமண்டலத்தில் இந்த மண்ணைத் தேட வேண்டாம். அமெரிக்காவின் நெவாடா, ஐடஹோ போன்ற உள்நாட்டு வறண்ட பகுதிகளில்தான் இத்தகைய பெயர்கள் அதிகம் தென்படும். "சூப்பராக்டிவ்": நேரயனி பரிமாற்றத் திறனைக் களியின் சதவீதத்தால் வகுத்தால் 0.60 அல்லது அதற்கு மேல். களி ஊட்டச்சத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கான நல்ல அறிகுறி அது. "மிக்ஸ்டு" என்றால் எந்த ஒரு கனிமமும் ஆதிக்கம் செலுத்தவில்லை.

"லோமி" என்ற முதல் சொல்லில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அது லோம் அல்ல. குடும்பப் பெயரில் வரும் லோமி மிகவும் அகன்ற வகை. களி 35 சதவீதத்துக்குக் குறைவாகவும், கரடு மணலாக இல்லாமலும், கல் 35 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால் எல்லாமே அதற்குள் அடங்கும். மணல் கலந்த லோமும் லோமிதான், களி கலந்த லோமும் லோமிதான். ஆழமான மண்களில் இதை ஃபைன்-லோமி, கோர்ஸ்-லோமி என்று இன்னும் பிரிப்பார்கள். ஷாலோ குடும்பங்களில் அந்தப் பிரிவு கிடையாது, வெறும் லோமியோடு நிறுத்திவிடுவார்கள். கல் 35 சதவீதத்தைத் தாண்டினால் லோமி-ஸ்கெலிட்டல். எந்த ஆழத்து மண்ணை வைத்து இதை முடிவு செய்வது என்பதற்கும் விதி இருக்கிறது: தட்டு 36 சென்டிமீட்டருக்குள்ளேயே வந்துவிட்டால், மேற்பரப்பிலிருந்து தட்டு வரை உள்ள முழு மண்ணும் கணக்கில் வரும். மேற்பரப்பின் நயம் தனியாக, நில வரைபடத்தில் தொடரின் பெயருக்குப் பின்னால் லோம் என்று வரும். ஒரே அறிக்கையில் லோம், லோமி இரண்டும் இருக்கிறதே என்று எழுத்துப்பிழையைத் தேட வேண்டாம். அவை வெவ்வேறு ஆழத்தைப் பற்றிப் பேசுகின்றன.

ஒரே வகைத் தட்டு வெவ்வேறு வரிசையிலும் வரலாம். மேல்மண் கருமையாக, மட்கு நிறைந்ததாக இருந்தால் மாலிசால் வரிசையில் டியூரிஸிரால்ஸ். வறட்சி கொஞ்சம் குறைந்து களி அடுக்கு இருந்தால் ஆல்ஃபிசால் வரிசையில் டியூரிஸிரால்ஃப்ஸ். இரண்டு பெயரும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும், எழுதும்போது அந்த "ஃப்" விட்டுப்போனால் வரிசையே மாறிவிடும். கலிபோர்னியாவின் சான் வாகீன் மண் இரண்டாவது வகை. 1900-ல் அடையாளம் கண்ட தொடர் அது, 1997-ல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ மண்ணாக அறிவிக்கப்பட்டது. அதில் தட்டு பெரும்பாலும் 50 சென்டிமீட்டரைத் தாண்டி இருப்பதால் ஷாலோ என்ற சொல் வராது. அந்தத் தட்டு நீரைத் தாங்கி நிறுத்துவதால்தான் அங்கே வசந்தகாலக் குட்டைகள் உண்டாகி, வேறெங்கும் காணாத செடிகள் வளர்கின்றன. கடினத்தட்டை எப்போதும் குறையாகவே பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஆசை.

உலக மண் வளக் குறிப்புத்தளம் என்ற பன்னாட்டு முறையில் இந்த மண் டியூரிசோல்ஸ் குழுவில் சேரும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஆழம் குறைவு என்றதும் லெப்டோசோல்ஸ் என்று எழுதத் தோன்றும். 25 சென்டிமீட்டருக்குள் தொடர்ச்சியான பாறை வரும் மண்ணுக்கான பெயர் அது. அந்த முறையில் பாறை என்றால் பாறைதான், மண்ணுக்குள்ளேயே உருவாகிக் கெட்டிப்பட்ட தட்டு அதில் சேராது. கடப்பாரைக்கு இரண்டும் ஒன்றுதான், வகைப்பாட்டுக்கு இல்லை.

நிலப் பயன்பாட்டுத் தரப் பட்டியலில் இந்த மண் கீழே போவதற்கு மேலே போட்ட நீர்க் கணக்கே போதும். இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். நீர் புகாத அடுக்கு 50 சென்டிமீட்டருக்குள் இருந்தால், அமெரிக்க நீரியல் பிரிப்பில் மேல்மண் எவ்வளவு நல்ல லோமாக இருந்தாலும் அது "டி" பிரிவு, அதாவது மழைநீரை அதிகம் வழிந்தோட விடும் பிரிவு. அடுத்தது அரிப்பு. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் என்றால் 14 டன். ஆழமான லோமில் 10 சென்டிமீட்டர் அரித்துப்போனால் வருத்தம்தான், ஆனாலும் கீழே இன்னும் மண் இருக்கிறது. இங்கே 40-ல் 10 போனால் நிலத்தின் நீர்ச்சேமிப்பில் கால்பங்கு போய்விட்டது, அது திரும்பி வராது.

தட்டை உடைக்கலாமா? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் மரக்கன்று நட வெடிமருந்து வைத்தே உடைத்தார்கள். இப்போது கனரக டிராக்டரில் நீண்ட கொழுவை இழுக்கிறார்கள். மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது செய்தால் தட்டு நொறுங்கும். ஈரத்தில் செய்தால் கொழு ஒரு கோட்டை மட்டும் கிழித்து, இருபுறமும் மண்ணை மெழுகிவிட்டுப் போகும். சிலிக்காத்தட்டு ஒருமுறை நன்றாக உடைந்தால் நம் ஆயுளில் மீண்டும் ஒட்டாது. உழவுத்தட்டோ அதே சக்கரங்கள் ஓடினால் சில பருவங்களிலேயே திரும்பிவிடும். ஆனால் தட்டின் தடிமன் தெரியாமல் குழி மட்டும் வெட்டி மரம் நட்டால், நீங்கள் அந்த மரத்தை ஓட்டையில்லாத தொட்டியில் வைத்திருக்கிறீர்கள். சோதனைக்குழியில் நீர் ஊற்றி மறுநாள் காலையில் பாருங்கள். நீர் அப்படியே நின்றால் தட்டு இன்னும் முடியவில்லை.

உடைக்க முடியாத இடத்தில் மேட்டுப்பாத்தி கட்டுவதுதான் நான் முதலில் சொல்லும் வழி. 20 சென்டிமீட்டர் மேடு ஏற்றினால் வேருக்கு ஆழமும் கிடைக்கும், தேங்கும் நீரிலிருந்து விலக்கமும் கிடைக்கும். பாசனம் குறைவாக, அடிக்கடி. 64 மில்லிமீட்டர் கொள்ளும் மண்ணில் 100 மில்லிமீட்டர் பாய்ச்சினால் மிச்சம் தட்டின்மேல்தான் நிற்கும். மூடாக்கு ஆவியாதலைக் குறைக்கும், அரிப்பையும் தடுக்கும்.

எதற்கும் முன்னால், மண் நனைந்திருக்கும் ஒரு நாளில் கூர்முனைக் கம்பியை எடுத்துக்கொண்டு, பத்துப் பத்து மீட்டரில் குத்தி ஆழத்தைக் குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். தட்டு ஒருபோதும் சமதளமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 25, நாலெட்டு தள்ளி 60 என்று வரும். அறிக்கையில் இருக்கும் 40 என்பது ஒரே ஒரு குழியில் அளந்தது. 48-க்கும் 52-க்கும் இடையில் மண்ணின் குடும்பப் பெயர் மாறும், செடிக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியாது. 25-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். 60 வந்த இடங்களை மரத்துக்கும், 25 வந்த இடங்களைப் புல்லுக்கும் ஒதுக்கிவிட்டு, நடுவில் இருப்பதில் பயிரைப் பற்றி யோசிக்க ஆரம்பியுங்கள்.